அங்கீகரிக்கப்பட்ட ஓய்வு

அந்த விளையாட்டை யாரும் கொண்டுவந்து வைக்கவில்லை. மின் வழங்கல் நிறுவனம் தன் பழுது அழைப்புக் கூடத்துக்குக் கணினிகள் வாங்கிய காலத்திலேயே அது உள்ளே இருந்தது, வாடகை வீட்டோடு சேர்ந்து வரும் பல்லி மாதிரி. அதற்குப் பிறகு நிறுவனத்தில் எத்தனையோ மாறிவிட்டன. இயக்குநர்கள் மாறினார்கள். சின்னம் மாறியது. வாசல் பலகைக்கு மூன்று முறை வண்ணம் மாறியது. கணினிகள் மட்டும் மாறவில்லை. அதனால் விளையாட்டும் போகவில்லை.

விளையாட்டு இவ்வளவுதான். திரை நிறைய சாம்பல் நிறக் கட்டங்கள். ஒவ்வொன்றாகத் திறக்க வேண்டும். சிலவற்றுக்குள் குண்டு ஒளிந்திருக்கும். திறந்த கட்டத்தில் வரும் எண், பக்கத்தில் எத்தனை குண்டு என்று சொல்லும். அதை வைத்து யோசித்து நகர வேண்டும். தப்பாகத் தொட்டால் எல்லாம் வெடிக்கும். மறுபடி ஒரு தட்டு தட்டினால் புதுக் கட்டங்கள்.

கூடத்தில் இதை விடாமல் ஆடியவள் அக்கா. அவளைவிட மூத்தவர்களும் அவளை அக்கா என்றுதான் கூப்பிட்டார்கள். அவள் வேலை போனில் திட்டு வாங்குவது. நியமன உத்தரவில் அதற்குப் 'பழுது பதிவாளர்' என்று பெயர். கரண்ட் போனவர்கள் கூப்பிடுவார்கள். அவள் விலாசம் கேட்டு, எந்தக் கம்பம், எந்தத் தெரு என்று விசாரித்து, அந்தப் பகுதி லைன்மேனுக்குச் சொல்வாள். இதற்கு நடுவில், புருஷனிடமும் முதலாளியிடமும் காட்ட முடியாத கோபத்தையெல்லாம் ஜனங்கள் அவள் காதில் கொட்டுவார்கள். "உனக்கெல்லாம் சோறு செரிக்குதா?" என்று ஒருவர் கேட்பார். "சொல்லுங்க சார், கம்பம் எந்தப் பக்கம்?" என்று இவள் கேட்பாள்.

காலையில் பத்து நிமிஷம், மத்தியானம் பத்து நிமிஷம் இடைவேளை. ஆளுக்கு ஒரு நேரமாக மாற்றி மாற்றி எடுத்துக்கொள்வார்கள். போன் எப்போதும் யாராவது ஒருவர் கையில் இருக்கும். தன் முறை வரும்போது அக்கா ஹெட்போனைக் கழற்றிவிட்டுக் கட்டங்களைத் திறப்பாள். வெடித்தால் சிரிப்பாள். அந்தக் குண்டு வெடித்து யாரும் அவள் குடும்பத்தை இழுத்துத் திட்டியதில்லை. பத்து நிமிஷம் கழித்து மறுபடி ஹெட்போன் ஏறும்போது தலை கொஞ்சம் லேசாக இருக்கும். இதைத் தவிர அந்த விளையாட்டால் உலகத்துக்கு ஒரு நன்மையும் இல்லை, தீமையும் இல்லை.

பக்கத்து இருக்கைக்காரருக்குத் தூங்குமூஞ்சி என்று பெயர். இமை இயல்பிலேயே தொங்கும். கூடத்தில் அதிக அழைப்பு எடுப்பவர் அவர்தான். இடைவேளையில் அவர் எதையும் ஆடமாட்டார். கண்ணை மூடி உட்கார்ந்திருப்பார்.

எல்லாம் ஒழுங்காக நடந்துகொண்டிருந்தபோது இயக்குநர் ஒரு மாநாட்டுக்குப் போய் வந்தார்.

கடலோரத்துப் பெரிய விடுதி ஒன்றில் நடந்த அந்த மாநாட்டில், பழைய சின்னச் சின்னக் கணினி விளையாட்டுகளைக் கொஞ்ச நேரம் ஆடினால் ஊழியர்களின் மூளை கூர்மையாகும் என்று யாரோ படம் போட்டுக் காட்டியிருக்கிறார்கள். திரும்பி வந்தவர் கூடத்துக்குள் நுழைந்தார். அக்காவின் திரையில் கட்டங்கள். மேற்பார்வையாளருக்கு வேர்த்துவிட்டது. "இன்னைக்கே அழிச்சிடறேன் ஐயா" என்றார்.

"அழிக்கிறதா?" என்றார் இயக்குநர். "இவ்வளவு பெரிய வளத்தை, ஒரு நிர்வாகமும் இல்லாம, இப்படித் தெருவுல விட்ட மாதிரி விட்டு வச்சிருக்கீங்களே!"

அடுத்த மாதமே இளைப்பாறல் துறை உதயமானது. அதற்கு ஒரு இளைப்பாறல் அதிகாரி நியமிக்கப்பட்டார். அதுவரை அவர் நாற்காலி கொள்முதல் பிரிவில் இருந்தவர். உட்காருவது சம்பந்தமாக முன் அனுபவம் உள்ளவர் என்பதால் தேர்வானார். துறைக்கு ஒரு குளிர்சாதன அறை, ஒரு வண்டி, நான்கு உதவியாளர்கள். உதவியாளர்களைப் புதிதாக எடுக்க அனுமதி இல்லாததால் கூடத்தில் போன் எடுத்துக்கொண்டிருந்த நான்கு பேரைத் தூக்கித் துறையில் போட்டார்கள். அவர்கள் விட்டுப்போன அழைப்புகள் மற்றவர்கள் தலையில் விழுந்தன. இதனால் எல்லோரும் அதிகம் களைத்துப்போனதை இளைப்பாறல் துறை ஆய்வு செய்து, துறையின் அவசியம் நிரூபணமாகிவிட்டது என்று அறிக்கை கொடுத்தது.

விளையாட்டுக்குத் திறப்பு விழா நடந்தது. எத்தனையோ வருஷமாகத் திறந்து கிடந்த விளையாட்டுக்கு முன்னால் சிவப்பு நாடா கட்டி இயக்குநர் வெட்டினார். பிறகு பேசினார்.

"ஓய்வு உங்கள் உரிமை என்று இவ்வளவு நாள் நினைத்துக்கொண்டிருந்தீர்கள். அந்தக் கவலையிலிருந்து உங்களை இன்றோடு விடுவிக்கிறேன். இனி அது உங்கள் கடமை. உழைப்பது யாராலும் முடியும். ஓய்வெடுப்பதற்குத்தான் தலைமைப் பண்பு வேண்டும். நான் இந்த நிறுவனத்தில் இருபது வருஷமாக ஓய்வெடுத்து வருகிறேன். இன்று எங்கே இருக்கிறேன் என்று பாருங்கள்!"

எல்லோரும் பார்த்தார்கள். கை தட்டினார்கள்.

முதலில் பயிற்சி. மூன்று நாள் ஓய்வுப் பயிற்சிக்கு எல்லோரும் விடுமுறை நாளில் வர வேண்டியிருந்தது. முதுகை எப்படிச் சாய்ப்பது, சுட்டியை எந்த விரலால் பிடிப்பது, குண்டு வெடித்தால் எந்த அளவுக்கு வருத்தப்படுவது என்று இளைப்பாறல் அதிகாரி சொல்லிக் கொடுத்தார். அக்கா சிரித்தது குறித்து அவருக்கு ஆட்சேபம் இருந்தது. "தோல்விக்குச் சிரிக்கிறது அலட்சியத்தைக் காட்டுதும்மா" என்றார்.

அடுத்து மதிப்பெண். எத்தனை கட்டம் திறந்தாய் என்பதை வைத்து உன் ஓய்வின் தரம் கணக்கிடப்படும். தரம் வாராவாரம் ஏற வேண்டும். ஏறாதவர்களுக்குச் சாப்பாட்டு நேரத்தில் பாதியைப் பிடித்துக்கொண்டு கூடுதல் ஓய்வு கொடுக்கப்படும். இரண்டே வாரத்தில் கூடத்தில் பாதிப் பேர் சாப்பிடாமல் ஓய்வெடுத்துக்கொண்டிருந்தார்கள். அக்காவுக்கு ராத்திரி கனவில் கட்டங்கள் வந்தன. முன்பெல்லாம் திட்டு வாங்கிய களைப்பைக் கட்டத்தில் இறக்கி வைத்தவள், இப்போது கட்டத்தில் பட்ட களைப்பைப் போன் எடுத்து ஆற்றிக்கொண்டாள்.

தூங்குமூஞ்சி மாட்டிக்கொண்டார். தன் ஆட்டச் சுற்று நடக்கும்போது கண்ணை மூடியிருந்தார் என்று அவருக்குக் குறிப்பாணை வந்தது.

"கண்ணை மூடிக்கிட்டு என்ன பண்ணிட்டிருந்தீங்க?" என்று கேட்டார் இளைப்பாறல் அதிகாரி.

"ஓய்வெடுத்துட்டிருந்தேங்க."

"அதுக்கு ஆதாரம்?"

தூங்குமூஞ்சி யோசித்தார். "எந்திரிச்சப்ப நல்லா இருந்துச்சுங்க."

'அங்கீகரிக்கப்படாத ஓய்வு' என்று அவர் கோப்பில் எழுதி, ஒரு ஊதிய உயர்வை நிறுத்தினார்கள்.

இதெல்லாம் சிரித்துவிட்டுப் போகிற சமாச்சாரம்தான். அக்காவும் அப்படித்தான் நினைத்தாள். வீட்டில் இதையெல்லாம் சொல்லும்போது அவள் புருஷன் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரிப்பார். அவர் சலூன் வைத்திருந்தார். அடுத்த நாள் அதையே முடிவெட்ட வந்தவர்களிடம் சொல்லி அவர்களையும் சிரிக்க வைப்பார்.

சிரிப்பு நின்றது 'ஒரே சுற்று' உத்தரவால். ஆளாளுக்கு ஒரு நேரத்தில் ஆடினால் சராசரியை ஒப்பிட முடியவில்லை என்று துறை கண்டுபிடித்தது. அதனால் கூடம் முழுவதும் ஒரே நேரத்தில் ஆட வேண்டும். மணி அடித்ததும் எல்லோரும் ஹெட்போனைக் கழற்ற வேண்டும். மறு மணி அடிக்கும் வரை போனைத் தொடக் கூடாது.

"அப்ப போன் வந்தா?" என்று அக்கா கேட்டாள்.

"வரட்டுமே" என்றார் மேற்பார்வையாளர். "வர்றதை நாம தடுக்கலையே."

காற்றும் மழையுமாக இருந்த ஒரு காலை. மணி அடித்தது. எல்லோரும் ஆட ஆரம்பித்தார்கள். அக்காவின் மேஜையில் போன் அடித்தது. நின்றது. மறுபடி அடித்தது. அதே எண். பிறகு அது தூங்குமூஞ்சியின் மேஜைக்குப் போனது, அங்கிருந்து அடுத்த வரிசைக்குப் போனது, திரும்ப அக்காவிடம் வந்தது. உதவியாளர்கள் நான்கு பேரும் வரிசைகளுக்கு நடுவே நடந்துகொண்டிருந்தார்கள். நேற்றுவரை பக்கத்தில் உட்கார்ந்து போன் எடுத்தவர்கள்தான். அக்கா திரையை விட்டுக் கண்ணை எடுக்கவில்லை. போன வாரம் அவள் மதிப்பெண் இறங்கியிருந்தது. ஒரு குண்டுகூட வெடிக்காமல் எல்லாக் கட்டத்தையும் திறந்து முடித்தாள்.

மறு மணி அடித்ததும் போனை எடுத்தாள். ஒரு பெண் குரல்.

"இப்ப எதுக்கும்மா எடுத்தீங்க?"

திட்டவில்லை. குரல் உயரவும் இல்லை. அறுந்த கம்பி கடைத்தெரு முனையில் தண்ணீருக்குள் கிடந்தது, அதைச் சொல்லத்தான் கூப்பிட்டேன், இப்போது தள்ளுவண்டிப் பழக்காரர் அதன்மேல் விழுந்துவிட்டார், பக்கத்துக் கடைக்காரர்கள் கட்டையால் தள்ளி எடுத்து ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போயிருக்கிறார்கள் என்று சொல்லிவிட்டு அந்தப் பெண் வைத்துவிட்டாள். அக்கா லைன்மேனுக்குச் சொன்னாள். அவசரத்தில் எண் இரண்டு முறை தப்பாகப் போனது.

பழக்காரர் பிழைத்துக்கொண்டார். வலது கையை மணிக்கட்டோடு எடுத்துவிட்டார்கள்.

நிறுவனம் விசாரித்தது. 'விபத்து நிகழ்ந்த வேளையில் ஊழியர்கள் அனைவரும் முறைப்படியான ஓய்வில் இருந்தது ஐயத்துக்கு இடமின்றி உறுதி செய்யப்பட்டது. எனவே பணியில் கவனக்குறைவு எதுவும் இல்லை' என்று முடித்தது. அந்தச் சுற்றில் முதல் இடம் பிடித்ததற்காக அக்காவுக்குப் பாராட்டுச் சான்றிதழ் வந்தது. வெளிப்புறத் தொந்தரவுகளுக்கு இடையிலும் மனம் சிதறாமல் ஓய்வெடுத்தார் என்று அச்சடித்திருந்தது.

வீட்டில் அதை மேஜைமேல் போட்டாள். புருஷன் படித்துப் பார்த்துவிட்டு, "பரவாயில்லையே! சட்டம் போட்டு மாட்டிடலாமா?" என்றார்.

"அடுப்புல போடுங்க."

அப்புறம்தான் அவருக்கு முழுக் கதையும் தெரிந்தது. அன்றைக்கு அவர் சிரிக்கவில்லை. வெகுநேரம் துண்டை மடித்துக்கொண்டும் பிரித்துக்கொண்டும் இருந்தார்.

"பாதிச் சவரத்துல ஒருத்தன் கழுத்தை நீட்டிக்கிட்டு உக்காந்திருக்கும்போது, எனக்கு இப்ப ஓய்வு நேரம்னு கத்தியை அங்கேயே விட்டுட்டு நான் போக முடியுமா?" என்றார்.

"நான் போனேங்க" என்றாள் அக்கா. "விட்டுட்டுப் போனேன். எல்லாக் கட்டத்தையும் திறந்தேன்."

அழவில்லை. கோபம்தான் வந்தது. துறைமேல், இயக்குநர்மேல், எல்லாவற்றையும்விட, மதிப்பெண்ணுக்குப் பயந்து சுட்டியைப் பிடித்துக்கொண்டிருந்த தன் விரல்மேல்.

அடுத்த சுற்றில் போன் அடித்தபோது அக்கா எடுத்தாள். ஒரு மழலையர் பள்ளிச் சுவரை ஒட்டி டிரான்ஸ்பார்மர் புகைகிறது என்று ஒருவர் கத்தினார். உதவியாளர் ஒருவர் ஓடிவந்து, "அக்கா, வைங்க, சுற்று நடக்குது!" என்றார். "நட்டநடுவுல நிக்காத, வெளிச்சம் மறைக்குது" என்றாள் அவள். லைன்மேனுக்குச் சொன்னாள். அந்தப் பகுதிக்கு மின்சாரம் நிறுத்தப்பட்டது. பிள்ளைகளை வெளியே கூட்டி வந்தார்கள். எதுவும் நடக்கவில்லை. எதுவும் நடக்காமல் இருப்பதற்குத்தான் அந்தக் கூடத்தையே கட்டியிருந்தார்கள்.

அவள் திரையில் ஒரு கட்டம்கூடத் திறக்கப்படவில்லை. கூடத்தின் சராசரி சரிந்தது. விசாரணைக்கு அழைத்தார்கள். இயக்குநர் நடுவில், அதிகாரி வலது பக்கம், மேற்பார்வையாளர் இடது பக்கம்.

"ஓய்வு நேரத்தில் வேலை செய்ததை ஒத்துக்கறீங்களா?"

"ஒத்துக்கறேன்."

"ஏன் செஞ்சீங்க?"

"போன் அடிச்சுது ஐயா."

இயக்குநர் பெருமூச்சு விட்டார். "போன் அடிக்கத்தாம்மா செய்யும். அது அதோட குணம். அடிக்கிற போனை எல்லாம் எடுத்தா இது என்ன நிறுவனம்? நாளைக்கு ஜனங்களுக்கு அதுவே பழக்கமாயிடும். அப்புறம் எடுத்துக்கிட்டே இருக்கணும்."

"பள்ளிக்கூடம் ஐயா. பிள்ளைங்க இருந்தாங்க."

"இருக்கட்டும். பிள்ளைங்களோட சராசரி என்ன, உங்க சராசரி என்ன?" என்று கேட்டார் இளைப்பாறல் அதிகாரி. தான் கேட்டது தனக்கே புரியாததால் அதைக் குறித்து வைத்துக்கொண்டார்.

"பழக்காரர் ஒருத்தருக்குக் கை போச்சு" என்றாள் அக்கா. "அது உங்க எந்த சராசரியில வருது?"

"அது முடிஞ்சுபோன விஷயம்" என்றார் இயக்குநர். "அதுல உங்களுக்குச் சான்றிதழே கொடுத்திருக்கோம். நன்றி வேணாமா?"

தீர்ப்பு வந்தது. அக்கா ஓய்வெடுக்கத் தகுதியற்றவர். இனி இடைவேளை கிடையாது. சுற்று நடக்கும்போது கையைக் கட்டிக்கொண்டு தன் இடத்தில் உட்கார்ந்திருக்க வேண்டும். கூடவே ஒரு யோசனையும் பிறந்தது. போன் சத்தம்தானே மனத்தைச் சிதறடிக்கிறது? சுற்று நேரத்தில் வரும் அழைப்புக்குப் பதிவு செய்த குரல் ஒன்று பதில் சொல்லட்டும். கூடத்தில் மணியே கேட்காது. குரலைப் பதிவு செய்ய ஓய்வில் இல்லாத ஆள் ஒருவர் வேண்டும். அப்படி இருந்தது அக்கா ஒருத்திதான்.

சின்ன அறையில் ஒலிவாங்கி முன்னால் உட்கார வைத்து, ஒரு தாளைக் கொடுத்து, பொத்தானை அழுத்திவிட்டு உதவியாளர் சுற்றுக்கு ஓடிவிட்டார். அக்கா படித்தாள்.

"உங்கள் அழைப்பு எங்களுக்கு மிகவும் முக்கியம். உங்களுக்கு மேலும் சிறப்பாகச் சேவை செய்வதற்காக எங்கள் ஊழியர்கள் இப்போது ஓய்வெடுத்துக்கொண்டிருக்கிறார்கள். ஓய்வு முடிந்ததும் அழைக்கவும்."

தாள் அங்கே முடிந்தது. ஒலிவாங்கியின் சிவப்பு விளக்கு எரிந்துகொண்டிருந்தது. "இப்ப எதுக்கும்மா எடுத்தீங்க" என்ற குரல் காதில் கேட்டது. இயக்குநர் வீட்டு எண் கூடத்தில் எல்லோருக்கும் மனப்பாடம். அந்த வீட்டில் விசிறி நின்றால் மற்ற எல்லா அழைப்பையும் ஓரம் கட்ட வேண்டும் என்று சுற்றறிக்கையே உண்டு.

"அவசரம் என்றால்," என்றாள் அக்கா, "இயக்குநர் ஐயா வீட்டில் சொல்லுங்கள்." பிறகு அந்த எண்ணைச் சொன்னாள். பேனா தேடுகிறவருக்குச் சொல்வதுபோல நிதானமாக, இரண்டு தடவை.

பதிவைக் கேட்டு ஒப்புதல் தர வேண்டியவர் இளைப்பாறல் அதிகாரி. முதல் வாக்கியத்தைக் கேட்டார். "'மிகவும்' என்ற இடத்துல இன்னும் கொஞ்சம் உருக்கம் வேணும். பரவாயில்லை" என்று சொல்லிக் கையெழுத்துப் போட்டுவிட்டு ஓய்வெடுக்கப் போனார்.

மறுநாள் மத்தியானம் வரை ஒன்றும் தெரியவில்லை. அதற்கு அடுத்த நாள், சுற்று மும்முரமாக நடந்துகொண்டிருந்தபோது, கூடத்தின் கதவை மோதித் திறந்துகொண்டு இயக்குநர் வந்தார். சட்டைப் பொத்தான் மாறிப் போட்டிருந்தது.

"உங்களுக்கெல்லாம் மனசாட்சி இருக்கா?" என்று கத்தினார். "கூப்பிடறவன் உயிரைக் கையில பிடிச்சுக்கிட்டுக் கூப்பிடறான். போனை எடுக்கணும்ங்கிற அடிப்படை அறிவு ஒருத்தருக்குக்கூடக் கிடையாதா? நேத்துலேர்ந்து என் வீட்டு போன் கீழ இறங்கலை! கம்பி அறுந்துதுங்கறான், மீட்டர்ல தீங்கறான். ஒரு கிழவி மூச்சுக் குழாய் மெஷின் நின்னுடுச்சுன்னு அழறா. மனுஷன் நிம்மதியா ஓய்வெடுக்க வேணாமா?"

யாரும் நிமிரவில்லை. சுட்டிகள் டிக் டிக்கென்று சத்தம் போட்டன. தூங்குமூஞ்சி மட்டும், திரையை விட்டுக் கண்ணை எடுக்காமல், மிகுந்த மரியாதையோடு சொன்னார்: "சுற்று இன்னும் முடியலைங்க ஐயா."

அப்போது மேற்பார்வையாளர் மேஜையில் இருந்த அலுவலக நேரடி இணைப்பு அடித்தது. அதற்குப் பதிவுக் குரல் கிடையாது. கையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்த அக்கா எழுந்து போய் எடுத்தாள்.

"நான் இயக்குநரோட வீட்டுக்காரி பேசறேன்" என்றது குரல். மூச்சு வாங்கியது. "லைன்மேன் நம்பரெல்லாம் யாருகிட்ட இருக்கு? நேத்திக்கு ஒருத்தர் நம்பரை எப்படியோ பிடிச்சேன், அவரு பாவம் ஓடிக்கிட்டே இருக்கார். இன்னும் நிறைய பேர் சொல்லியிருக்காங்க, எழுதி வச்சிருக்கேன். அந்தக் கிழவி வீட்டுக்கு முதல்ல ஆள் போகணும்."

"ஐயா இங்கதான் நிக்கறாரும்மா. குடுக்கட்டுமா?"

"அவரு எதுக்கு? நிக்கட்டும். நீ எழுதிக்கோ."

"சொல்லுங்கம்மா" என்று அக்கா நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டாள். "கிழவி வீடு எந்தத் தெரு?"

இயக்குநர் வாயைத் திறந்தார். அவள் அவரைப் பார்த்து உதட்டின்மேல் விரலை வைத்தாள். எதிர்முனை சரியாகக் கேட்கவில்லை. தூங்குமூஞ்சி சுட்டியை விட்டுவிட்டு ஹெட்போனை மாட்டினார். அவருக்கு அடுத்தவர் மாட்டினார். திரைகளில் கட்டங்கள் பாதியில் நின்றன. இளைப்பாறல் அதிகாரி ஓடிவந்து, "சராசரி... சராசரி..." என்றார். யாரோ அவர் கையில் ஒரு போனைக் கொடுத்து, "பிடிங்க சார், கம்பம் எந்தப் பக்கம்னு கேளுங்க" என்றார்கள்.

கிழவி வீட்டுக்குக் கரண்ட் வந்துவிட்டது. 'ஒரே சுற்று' உத்தரவு தற்காலிகமாக நிறுத்தி வைக்கப்பட்டது. இளைப்பாறல் துறையைக் கலைக்கவில்லை. அதன் ஊழியர்களின் ஓய்வு பாதிக்கப்படும் என்று கருதினார்கள். பதிவு விஷயத்தில் அக்காமேல் நடவடிக்கை எடுக்கப் பார்த்தார்கள். ஒப்புதல் கையெழுத்து அதிகாரியுடையதாக இருந்ததால் அந்தக் கோப்பு யாருடைய மேஜையிலும் தங்காமல் சுற்றிக்கொண்டிருக்கிறது. நடந்தது அத்தனைக்கும் மூலகாரணம் எது என்று மூவர் குழு ஆராய்ந்து, விளையாட்டுதான் என்று கண்டுபிடித்தது. எல்லாக் கணினிகளிலிருந்தும் ஒரே நாளில் அதை அழித்தார்கள். பழக்காரருக்கு இன்றுவரை ஒரு வார்த்தை மன்னிப்பு போகவில்லை. அக்காதான் ஒரு நாள் புருஷனோடு போய்ப் பார்த்தாள். அவர் இடது கையால் பழம் எடுத்து எடைத்தட்டில் வைக்கப் பழகிக்கொண்டிருந்தார். என்ன சொல்வது என்று தெரியாமல் பழம் வாங்கிக்கொண்டு வந்தாள்.

அவளுக்கு இடைவேளை கிடையாது என்ற உத்தரவை ரத்து செய்ய யாருக்கும் ஞாபகம் வரவில்லை. அவளும் கேட்கவில்லை. தோன்றும்போது எழுந்து போனாள். கூடத்தின் பின்பக்கம் பழைய கம்பிச் சுருள்கள் கிடக்கும் இடத்தில் நிழல் உண்டு. தூங்குமூஞ்சியும் வந்து ஒரு சுருள்மேல் உட்கார்ந்து கண்ணை மூடிக்கொள்வார்.

அப்படி ஒரு நாள் உள்ளே போன் அடித்தது. அக்காவின் உடம்பு விறைத்தது. இரண்டாவது மணிக்குள் யாரோ எடுத்துவிட்டார்கள்.

அவள் மறுபடி சாய்ந்து உட்கார்ந்தாள்.